பதினான்காவது எதிரியும் சங்கத்து வக்காலத்தும்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்காரன். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. விஷுவல் கம்யூனிகேஷன் முடித்துவிட்டு, கோவையிலுள்ள ஓர் இணையச் செய்தித் தளத்துக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். நிரந்தர வேலை இல்லை, அடையாள அட்டையும் இல்லை. ஆளியாற்றுத் தண்ணீர் கேட்டு கோபாலபுரம் செக்போஸ்ட் அருகே நடந்த மறியலைப் படமெடுத்தேன். போலீஸ் கலைத்தபோது என்னையும் பிடித்தார்கள். எஸ்.ஐ., தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிற "பாண்டி" என்ற வார்த்தையால் திட்டி, தவணையில் வாங்கிய கேமராவைப் பறித்துக்கொண்டார். மலையாளத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்குப் பேச வரும், படிக்க வராது. எஃப்.ஐ.ஆரில் நான் 14-வது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன். ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே இருக்கிறேன். ஆசிரியரோ "இவர் எங்கள் ஆளே இல்லை" என்று போலீசிடம் சொல்லிவிட்டார். பழைய படங்களுக்குப் பணமும் தரவில்லை. எஸ்.ஐ., ஆசிரியர் இருவர் மீதும் வழக்குப் போட முடியுமா? விவசாயிகள் சங்கத்து வக்கீல் எல்லோருக்கும் சேர்த்து இலவசமாக ஆஜராகிறார். நானும் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அதுதான் உங்கள் வழக்கு. எஸ்.ஐ. திட்டியது, ஆசிரியர் கைவிட்டது, கேமராத் தவணை எல்லாம் வருத்தமான விஷயங்கள்தான். அவற்றில் எதுவும் உங்களை விடுதலை செய்யாது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 189(2) (சட்டவிரோதக் கூட்டம்), 126(2) (ஆளை மறித்தல்), 285 (பொது வழியில் இடையூறு) பிரிவுகளோடு 190-ஐயும் சேர்த்திருக்கிறார்கள். முதல் மூன்றையும் சமாளித்துவிடலாம். 285-க்கு அதிகபட்ச தண்டனையே ஐயாயிரம் ரூபாய் அபராதம்தான். ஆபத்து 190-இல் இருக்கிறது, பழைய இ.பி.கோ. 149. கூட்டத்தில் எவனோ ஒருவன் லாரியை மறித்தால், அதே நோக்கத்தோடு கூட நின்ற அத்தனை பேரும் மறித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். கையை ஓங்கினீர்களா என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1964-இல் மசால்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது; வேடிக்கை பார்க்க நின்றவனுக்கு மட்டும்தான் அதில் வழி உண்டு. ஆக, நீங்கள் கூட்டத்தில் ஒருவரா, கூட்டத்தைப் பார்க்க வந்தவரா? நீதிமன்றம் உங்களிடம் கேட்கப்போவது இது ஒன்றைத்தான்.

கடிதத்தில் பாதிக்குமேல் தண்ணீர் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை மேலே கேள்வியில் நான் சேர்க்கவில்லை. 1970 பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தப்படி எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அது வந்ததா இல்லையா என்பது சங்கத்தின் வழக்கு. கூண்டில் ஏறி அந்த நியாயத்தை நீங்கள் பேசத் தொடங்கினால், பொது நோக்கத்தை நிரூபிக்கிற வேலையை அரசு வக்கீலுக்கு மிச்சப்படுத்திக் கொடுக்கிறீர்கள். தென்னந்தோப்புக்காரர் மகன் என்பதே அவருக்குப் பாதி போதும்.

கேரள போலீஸ் சட்டம் 2011-இன் 33-ஆம் பிரிவையும் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். பொது இடத்தில் போலீஸ் செய்வதைப் பொதுமக்கள் பதிவு செய்வதைத் தடுக்கக்கூடாது என்பது சரியான சட்டம்தான், அடையாள அட்டையும் அதற்குத் தேவையில்லை. ஆனால் அது கேரளச் சட்டம். செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் நின்றிருந்தால் அந்தப் பிரிவு உங்கள் கூட வராது. எங்கே நின்றீர்கள் என்று கடிதத்தில் இல்லை.

இனி வக்காலத்து. சங்கத்து வக்கீல் நல்லவராகவே இருக்கட்டும். அவர் வாதாடுகிற மற்றவர்கள் "தண்ணீருக்காக உட்கார்ந்தோம்" என்பார்கள். நீங்கள் "நான் உட்காரவில்லை, அவர்கள் உட்கார்ந்ததைப் படமெடுத்தேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே வாய் பேச முடியாது. அப்படிப் பேச வேண்டி வந்தால் அவர் யாரைக் கைவிடுவார்? சங்கத்தை அல்ல.

இதில் மாட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். கல்யாண வீடியோக்காரர், மறியலுக்குள் சிக்கி, இதே மாதிரி கூட்டு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர். சில வாய்தாக்கள் போனபின் ஒரு நாள் வக்கீல் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகலாம், வேலை முடிந்தது" என்றார். கட்டினார்கள். சங்கத்துக்காரர்களுக்கு அது பெருமை. அடுத்த தேர்தலில் மேடையில் சொல்லிக்கொள்ளலாம். வீடியோக்காரர் கல்ஃப் வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்டபோதுதான், அன்று கட்டியது வெறும் அபராதம் இல்லை, சட்டவிரோதக் கூட்டத்தின் உறுப்பினர் என்ற தண்டனை என்று அவருக்குத் தெரிந்தது. மேல்முறையீட்டுக்கு வந்தார். தானே ஒப்புக்கொண்டதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பத்திரிகையாளராக விரும்புகிற உங்களுக்கு இது இன்னும் மோசம். நாளைக்கு அரசு அங்கீகார அட்டைக்கு விண்ணப்பித்தாலும் பாஸ்போர்ட் எடுத்தாலும் போலீஸ் விசாரணை வரும்.

ஒப்புக்கொள்வதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. போராட்ட வழக்குகளை அரசே திரும்பப் பெறுவது இங்கே புதிதல்ல. 2021 பிப்ரவரியில் சபரிமலை, குடியுரிமைச் சட்டப் போராட்ட வழக்குகளில் கடுமையற்றவற்றைத் திரும்பப் பெறக் கேரள அமைச்சரவை முடிவெடுத்தது. தீர்ப்புக்கு முன்னால்தான் அது முடியும். நீதிமன்றமும் சம்மதிக்க வேண்டும். 2015 கேரளச் சட்டசபை ரகளை வழக்கில் அந்தச் சம்மதம் கிடைக்காமல் அரசு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இருந்தாலும், நீங்களே அபராதம் கட்டி முடித்துக்கொண்ட வழக்கை யாரும் திரும்பப் பெற முடியாது.

ஆசிரியர் மீது வழக்கா? வேண்டாம். அவரோடு சமாதானமாகிவிடுங்கள், பாக்கிப் பணத்தை விட்டுக்கொடுத்தாவது. நீங்கள் கூட்டத்துக்கு வெளியே நின்றவர் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அவர்தான். பயத்தில் ஒரு போன் காலில் மறுத்திருக்கிறார், நாளைக்குக் கூண்டில் உண்மையைச் சொல்ல வைக்கலாம். நோட்டீஸ் அனுப்பினீர்களானால் ஜென்மத்துக்கும் வரமாட்டார்.

சமாதானம் ஆன கையோடு "மறியலுக்கு முந்தின தேதி போட்டு ஒரு லெட்டர் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இந்த யோசனையை உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அது பொய்ச் சாட்சியம் உருவாக்குவது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் 229-ஆம் பிரிவில் ஏழு வருஷம் வரை போகும். அபராதத்தில் முடிகிற வழக்குக்காக ஜெயிலுக்குப் போவீர்கள், ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு. அவர் இன்றைய தேதியிலேயே, இன்னின்ன மாதம் முதல் படம் வாங்கி வெளியிட்டோம் என்று எழுதித் தரட்டும். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் "நாளைக்கு மறியல், போய்ட்டு வா தம்பி" என்று ஒரு வரி வந்திருந்தால் அது எந்தக் கடிதத்தையும்விடப் பெரிது. அந்த போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மறியலுக்கு ஆதரவாக ஸ்டேட்டஸ் ஏதாவது போட்டிருந்தாலும் இப்போது அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எப்போதோ போயிருக்கும். அழித்தது தனிக் கேள்வியாக வரும்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்த மலையாளத் தாள் அநேகமாகப் பறிமுதல் மகஜர், அதாவது உங்களிடம் எடுத்த பொருள்களைப் பற்றிய பதிவு. நகல் வாங்கி, படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ஒன்றே ஒன்று பாருங்கள்: கேமராவோடு மெமரி கார்டும் எழுதப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் அன்றே மாஜிஸ்திரேட்டிடம் மனு. நீங்கள் எங்கே நின்று, எத்தனை மணிக்கு எதைப் பார்த்தீர்கள் என்பது முழுக்க அந்தக் கார்டில் இருக்கிறது. கேமராவை இடைக்கால ஒப்படைப்பில் கேளுங்கள், கார்டைக் கேட்காதீர்கள். அது நீதிமன்றத்தில் இருக்கட்டும். ஹாஷ் மதிப்போடு (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) ஒரு நகல் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கார்டு உங்கள் கைக்கு வந்துவிட்டால், திருத்திவிட்டீர்கள் என்று சொல்வது சுலபம். கேமராவுக்குப் பாண்டு எழுதிக் கொடுத்தபின், தவணை நெருக்குகிறது என்று அதை விற்றுவிடாதீர்கள்.

எஸ்.ஐ. மீதான புகாரை எழுதி வையுங்கள், இப்போது கொடுக்க வேண்டாம். மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவத் தேதியிலிருந்து ஒரு வருஷம் அவகாசம் உண்டு. இந்த வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, பத்தாவது மாதத்தில் முடிவு செய்யலாம்.

அடுத்த வாய்தாவுக்கு முன் சங்கத்து வக்கீலைப் பாருங்கள். சண்டை போடாமல் நோ அப்ஜெக்ஷன் வாங்கி வக்காலத்தை மாற்றுங்கள். பணம் இல்லையென்றால் சித்தூர் தாலுகா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். வருமான வரம்புக்குள் வந்தால் தனி வக்கீல் தருவார்கள்.