ஊழியம் பற்றிய ஆய்வுக்கு யார் பணம் தருவார்கள்?

கிறிஸ்தவ விசுவாசம், ஊழியம் பற்றிய ஆய்வுக்கு நிதி உண்டா, போதகருக்கும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு நிதி தரும் அமெரிக்காவின் லூயிவில் இன்ஸ்டிடியூட், 1937-ல் தொடங்கிய லில்லி அறக்கட்டளையின் பணத்தில் நடக்கிறது. முனைவர் பட்ட மாணவர்களோடு, சபை நடத்தும் போதகர்களுக்கும் அங்கே தனித் திட்டம் இருக்கிறது. ஆனால் வட அமெரிக்கச் சபைகள்தான் அவர்கள் அக்கறை. ஆசியா, ஆப்பிரிக்கா என்றால் ஜான் ஸ்டாட் என்ற இங்கிலாந்துப் போதகர் தொடங்கிய லாங்ஹாம் என்ற அமைப்பின் பக்கம் பாருங்கள். முனைவர் படிப்புக்கு உதவுவார்கள்; முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிக் கற்பிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள்.

சரி, விண்ணப்பம். பலர் சறுக்குவது இங்கேதான். ‘இளைஞரும் விசுவாசமும்’ என்பது வெறும் தலைப்பு. ‘ஞானஸ்நானம் பெற்ற இளைஞர்கள் ஐந்தே ஆண்டில் சபைக்கு வருவதை நிறுத்துவது ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். யாரிடம் பேசுவது, எத்தனை மாதம், எவ்வளவு செலவு எல்லாம் தானாகப் பிடிபடும்.