புளியை எடுக்காதீர்கள், காந்தத்தை எடுங்கள்

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். இங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு பெரியவர் ஒரு பை நிறைய ஜெர்மன் காசுகளை 20 யூரோவுக்குக் கொடுத்தார். எல்லாம் 1915 முதல் 1923 வரை. பெரும்பாலும் சாம்பல் நிறம், சிலவற்றில் துரு, சிலவற்றில் மாவு தூவியது மாதிரி வெள்ளை. பழுப்பு நிறத்தில் ஓடு போல ஒன்றும் இருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது? ஏதாவது தேறுமா? இதை வைத்தே சேகரிக்க ஆரம்பிக்கலாமா?

பதில்: பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கை, மங்கின உலோகத்தைப் பார்த்தால் சும்மா இருக்காது. தெரியும். ஆனால் இந்தப் பையில் புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் படக் கூடாது. சமையல் சோடாவும் வேண்டாம். வெள்ளை மாவு பூத்திருக்கிறதே, அது துத்தநாகக் காசு. துத்தநாகத்தைப் புளிப்பும் அரிக்கும், காரமும் அரிக்கும். ஊறப் போட்டால் அழுக்கோடு சேர்ந்து காசின் மேற்பரப்பும் போய்விடும்.

அதனால் முதல் வேலை பிரிப்பது. ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல், கையில் எடுத்தால் எடையே இல்லாத மாதிரி இருந்தால் அலுமினியம். ஒட்டவும் இல்லை, கனமாகவும் இருக்கிறது என்றால் துத்தநாகம். 10 பிஃபெனிக் (நூறு பிஃபெனிக் ஒரு மார்க்) காசு இரும்பிலும் வந்தது, துத்தநாகத்திலும் வந்தது. கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம், நானே ஆரம்பத்தில் ஒன்றை இன்னொன்று என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஏன் இத்தனை மட்டமான உலோகம்? முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் 1, 2 பிஃபெனிக் செம்பில், 5, 10 பிஃபெனிக் செம்பு-நிக்கல் கலவையில், அரை மார்க் முதல் வெள்ளியில் இருந்தன. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் ஜனங்கள் வெள்ளியைப் பதுக்கினார்கள், செம்பும் நிக்கலும் குண்டுக்கும் எஃகுக்கும் போயின. 1915-இல் இரும்பு 5, 10 பிஃபெனிக், 1916-இல் அலுமினிய 1 பிஃபெனிக், 1917-இல் துத்தநாக 10 பிஃபெனிக் என்று அரசு ஒவ்வொரு படியாக இறங்கியது. உங்கள் பையை உலோகவாரியாகப் பரப்பி வைத்தால் அந்த இறக்கம் அப்படியே தெரியும்.

சுத்தம் என்றால் இவ்வளவுதான்: துத்தநாகத்தின் மேல் தளர்வாக இருக்கும் மாவை மென்மையான, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். இரும்பில் உதிரும் துருவைப் பல்குச்சியால் நெம்பி எடுத்து, மெல்லிய எண்ணெயை ஒரு துளி துணியில் தொட்டுத் துடைத்தால் போதும், தண்ணீரே காட்ட வேண்டாம். கம்பிப் பிரஷ் கூடவே கூடாது. சில இரும்புக் காசுகளுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க மேலே துத்தநாகப் பூச்சு கொடுத்திருப்பார்கள், அதைச் சுரண்டிவிட்டால் பிறகு துரு நிற்கவே நிற்காது. பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுங்கள் (நெயில் பாலிஷ் ரிமூவர் அல்ல, அதில் வேறென்னவோ எல்லாம் கலந்திருக்கும்), ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல். அப்புறம், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும் மெத்தென்ற பிவிசி ஆல்பமும் ஓக் மரப் பெட்டியும் வேண்டாம். இரண்டிலிருந்தும் அமிலம் கசியும். காகித உறை, பாலியெஸ்டர் உறை, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான்.

தேறுமா என்று கேட்டீர்கள். அரசு வெளியிட்ட இரும்பு, துத்தநாகச் சில்லறை கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது, தேய்ந்த காசு ஒன்றிரண்டு யூரோகூடப் போகாது. விலையேற்றம் எகிறிய 1923-இன் 200, 500 மார்க் அலுமினியக் காசுகளும் அப்படித்தான், எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இதில் கவனிக்க வேண்டியது அக்கசாலை எழுத்து, அதாவது காசு எந்த ஊரில் அடிக்கப்பட்டது என்ற குறி. A பெர்லின், D மியூனிக், E முல்டன்ஹூட்டன், F ஸ்டுட்கார்ட், G கார்ல்ஸ்ரூஹ, J ஹாம்பர்க். ஒரே ஆண்டு, ஒரே காசு, எழுத்து மாறினால் விலை மாறும். F போட்டதெல்லாம் நீங்கள் இருக்கிற ஊரிலேயே அடித்தவை!

அதனால்தான் ஆரம்பிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: ஆரம்பிக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. அரசுக் காசும் போதாமல் போனபோது நகராட்சிகளும் கம்பெனிகளும் தாங்களே சில்லறை அடித்துக்கொண்டன. இதற்கு நோட்கெல்ட் என்று பெயர், அதாவது நெருக்கடிக் காசு. உண்மையான ருசி இங்கேதான் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் டிராம் கம்பெனிகூட ஊரின் முக்கிய இடங்களின் படம் போட்டுக் காசு வெளியிட்டது. டிராமில் போய்வந்துகொண்டே அந்தப் படங்களில் இருக்கும் இடங்களைத் தேடலாம், இதைவிடச் சுகமான ஆரம்பம் உண்டா? ஸ்டுட்கார்ட், சுற்றியுள்ள வூர்ட்டம்பெர்க் ஊர்கள், அதோடு நிறுத்துங்கள். முழு ஜெர்மனியையும் தொட்டால் ஆயிரக்கணக்கில் போகும், பணமும் போகும். விற்பவர்கள் ஊர்க் காசுகளை ஃபுங்க் பட்டியல் எண்ணாலும் அரசுக் காசுகளை யேகர் பட்டியல் எண்ணாலும் குறிப்பார்கள். அந்த எண்ணை வைத்துத் தேடினால் ஏமாறாமல் இருக்கலாம்.

ஒரு ஆசையை மட்டும் அடக்க வேண்டாம். வெஸ்ட்ஃபாலியா மாகாணம் 1923 என்று ஆண்டு போட்டு வெளியிட்ட 60 மில்லிமீட்டர் அகலக் காசில் 1 பில்லியன் மார்க் என்று இருக்கும். ஜெர்மன் கணக்கில் அது ஒன்றுக்குப் பின் 12 சுழி, நம் கணக்கில் ஒரு லட்சம் கோடி. அது வெளியே வந்தபோது விலையேற்றமே அடங்கிவிட்டது. 1923 நவம்பரில் வந்த புதுப் பணமான ரென்டன்மார்க் ஒன்றுக்கு அத்தனை காகித மார்க்கும் சமம். அதனால் நினைவுப் பொருளாகத்தான் விற்றார்கள். மேலே மின்னுவது பூச்சு, தங்க விலை கொடுத்துவிடாதீர்கள்.

பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் அடித்து, ஆக்கிரமித்த கிழக்குப் பகுதிகளுக்கு அனுப்பிய 1916-இன் இரும்புக் கோபெக்குகளும் (ரஷ்யச் சில்லறைக் கணக்கு) பையில் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் ஜெர்மன், மறுபக்கம் ரஷ்ய எழுத்து. சுலபமாகக் கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக அந்த ஓடு. பின்னால் குறுக்கே வைத்த இரண்டு வாள் குறி இருந்தால் அது மைசன் பீங்கான் ஆலையின் வேலை. சாக்சனி அரசு 1921-இல் 20 பிஃபெனிக் முதல் 20 மார்க் வரை இந்தப் பழுப்பு நிறக் களிமண்ணில் காசு போட்டது. செலவானதைவிட சேகரிப்பாளர்கள் பெட்டிக்குள் போனதுதான் அதிகம், அதனால் நல்ல நிலையில் இன்றும் கிடைக்கிறது. இதை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், பொன் பூச்சு இருந்தால் தேய்க்காமல். கழுவின பிறகு மற்ற காசுகளோடு பையில் போட்டுக் குலுக்காதீர்கள். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தாலும் வாங்குகிறவர் முகம் மாறிவிடும்.