எவ்வளவு அபூர்வம்? கணிதர் சீனிவாச வரதன் பற்றிக் கேள்வி பதில்

நிகழ்தகவுப் பாடத்தை நெடுங்காலம் நடத்தியவன் நான். எஸ்.ஆர்.சீனிவாச வரதனின் ஆராய்ச்சி வாழ்க்கை பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். சில பதில்கள் நீளம், விஷயம் அப்படி.

கேள்வி: சார், நான் பி.எஸ்சி. புள்ளியியல் மாணவன். வரதன் படித்தது கணிதமா, புள்ளியியலா?

பதில்: உங்கள் பாடம்தான் தம்பி. 1940 ஜனவரி 2 அன்று சென்னையில் பிறந்தவர். அப்பா அறிவியல் ஆசிரியர், பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். வரதன் மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் முடித்து, 1959-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வழிகாட்டி சி.ஆர்.ராவ். தொழிற்சாலைப் புள்ளியியல் படிக்கும் எண்ணத்தோடு போனவரை அங்கிருந்த மூத்தவர்கள் கே.ஆர்.பார்த்தசாரதியும் ஆர்.ரங்கா ராவும் கணிதப் பக்கம் இழுத்துவிட்டார்கள். இவர்களோடு வி.எஸ்.வரதராஜனையும் சேர்த்து நால்வர் என்று அந்த நிறுவனத்தின் வரலாற்றில் பேசுவார்கள். வரதனும் வரதராஜனும் வேறு வேறு ஆட்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: வரதனின் ஆய்வுரையின்போது கோல்மோகரோவ் கோபத்தில் வெளியேறிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நிஜமா?

பதில்: நிஜம். வரதனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நவீன நிகழ்தகவியலுக்கு அடித்தளம் போட்ட ரஷ்யர் கோல்மோகரோவ் 1962-ல் கல்கத்தா வந்திருந்தார். அவர் முன்னிலையில் வரதன் தன் ஆய்வைப் பற்றிப் பேசினார், பேச்சு நீண்டுவிட்டது. கோல்மோகரோவ் கருத்துச் சொல்ல எழுந்தபோது கூட்டத்தில் சிலர் கிளம்பத் தொடங்கினார்கள். அவர் சாக்பீஸை எறிந்துவிட்டுப் போய்விட்டார். பட்டம் போச்சு என்றே வரதனுக்குத் தோன்றியிருக்கிறது. பின்னாலேயே ஓடி மன்னிப்புக் கேட்டார்கள். நீளமான பேச்சு தனக்குப் பழக்கம்தான், தான் பேசும்போது எழுந்து போனதுதான் வருத்தம் என்றாராம் கோல்மோகரோவ். அந்த ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் அவரும் ஒருவர். 1963-ல் பட்டம் வந்தது. அதே ஆண்டு வரதன் நியூயார்க்கில் இருக்கும் கணித ஆய்வு மையமான கூரண்ட் நிறுவனத்துக்குப் போனார், அதன் பிறகு அவர் இடம் அதுவே.

கேள்வி: ஐயா, பள்ளியில் கணிதம் சொல்லித் தருகிறேன். 'பெருவிலகல் கோட்பாடு' என்பதை என் பிள்ளைகளுக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

பதில்: நாணயத்தில் தொடங்குங்கள் அம்மா. 100 தடவை சுண்டினால் ஏறக்குறைய 50 தலை விழும். 60 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு எவ்வளவு? சுமார் 35-ல் ஒன்று. சரி, 1000 தடவை சுண்டி 600 அல்லது அதற்கு மேல் விழ? அதே 60 விழுக்காடுதானே என்று பிள்ளைகள் சொல்வார்கள். விடை சுமார் 700 கோடியில் ஒன்று. சுண்டல்களின் எண்ணிக்கை கூடக் கூட இந்த வாய்ப்பு அடுக்குக்குறி வேகத்தில் கரைகிறது. சுண்டலுக்கு இவ்வளவு என்று ஒரு விலை இருப்பதுபோல நினைத்துக்கொள்ளலாம். 60 விழுக்காட்டுக்கு அந்த விலை ஏறக்குறைய 0.02, அதாவது ஒவ்வொரு சுண்டலும் வாய்ப்பைச் சுமார் 2 விழுக்காடு குறைக்கிறது. 70 விழுக்காடு வேண்டுமென்றால் விலை இன்னும் அதிகம். இந்த விலைப்பட்டியலுக்கு வீதச் சார்பு என்று பெயர்.

வழக்கமான பாடத்தில் வரும் மைய எல்லைத் தேற்றம் (பல தற்செயல் எண்களைக் கூட்டினால் விடைகள் மணி வடிவில் பரவும் என்பது) சராசரிக்குப் பக்கத்தில் நடப்பதைத்தான் நன்றாகச் சொல்லும். பெருவிலகல் தொலைவில் நடப்பதைச் சொல்லும்.

கேள்வி: இதைக் கிராமர் 1938-லேயே செய்துவிட்டாரே! வரதன் புதிதாக என்ன செய்தார்?

பதில்: நல்ல கேள்வி. சுவீடன் கணிதர் கிராமர் காப்பீட்டுக் கணக்கிலிருந்து அங்கே வந்தார். 1957-ல் ரஷ்யக் கணிதர் சானோவும் ஒரு பெரிய முடிவு தந்தார். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவாகவே இருந்தது. வரதன் 1966-ல் எழுதிய கட்டுரைதான் எல்லாவற்றுக்கும் பொதுவான இலக்கணத்தைக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 26.

அவருடைய துணைத்தேற்றம் ஒன்று சொல்வதை ஓர் ஆட்டமாகக் காட்டுகிறேன். கையில் 1 ரூபாய். தலை விழுந்தால் பணம் 1.8 மடங்கு, பூ விழுந்தால் 0.4 மடங்கு. சராசரி ஒவ்வொரு சுண்டலுக்கும் 1.1 மடங்காக வளர்கிறது; 100 சுண்டலுக்குப் பிறகு சராசரிப் பணம் 13,780 ரூபாய். ஆனால் 50 தலை, 50 பூ விழுந்த சாதாரண ஆளின் கையில் ஒரு பைசாவில் மிகச் சிறு துளிகூட மிஞ்சாது. அப்படியானால் அந்த 13,780 எங்கிருந்து வந்தது? ஏறக்குறைய 82 விழுக்காடு தலை விழுந்த, அபூர்வத்திலும் அபூர்வமான சிலரிடமிருந்து. அவ்வளவு தலை விழுவதற்கான விலையையும், விழுந்தால் கிடைக்கும் லாபத்தையும் எதிரெதிரே வைத்து, எங்கே மிச்சம் அதிகமோ அந்த இடமே சராசரியைத் தீர்மானிக்கிறது. நாணயத்துக்கு மட்டும் இல்லை, அலையும் துகளின் பாதை முழுவதற்கும் இதே கணக்கு செல்லும் என்று காட்டியதுதான் வரதன்.

அப்புறம் 1975 முதல் கணிதர் மன்ரோ டான்ஸ்கரோடு சேர்ந்து எழுதிய தொடர் கட்டுரைகள். எனக்கு மிகவும் பிடித்தது பொறிக் கணக்கு. துகள் ஒன்று வெளியில் தாறுமாறாக அலைகிறது. அங்கங்கே பொறிகள் (எலிப்பொறிபோலச் சிக்கவைப்பவை), பட்டால் முடிந்தது. நெடுநேரம் பிழைத்திருக்க என்ன வழி? பொறியே இல்லாத உருண்டையான ஓர் இடம் அமைய வேண்டும்; துகளும் அதைவிட்டு வெளியே போகக் கூடாது. இடம் பெரிதென்றால் உள்ளேயே சுற்றுவது சுலபம், ஆனால் அவ்வளவு பெரிய இடம் பொறியில்லாமல் அமைவது கடினம். சிறிதென்றால் நேர்மாறு. இரண்டு விலையும் சேர்ந்து எங்கே குறைகிறது என்று பார்த்தால், முப்பரிமாணத்தில் அந்த உருண்டையின் ஆரம் நேரத்தின் 1/5 அடுக்காக வளர வேண்டும். பிழைக்கும் வாய்ப்பின் மடக்கையோ நேரத்தின் 3/5 அடுக்கில் இறங்கும். ஊகமாக இருந்த இதை இருவரும் நிறுவினார்கள். நடக்க அரிதான ஒன்று நடந்தே தீர்ந்தால், இருக்கிற வழிகளில் மலிவான வழியில்தான் அது நடந்திருக்கும். வரதன் தொட்ட எந்தத் துறையிலும் இந்த ஒரு பார்வையைக் காணலாம்.

கேள்வி: ஸ்ட்ரூக்கோடு செய்த வேலை இதோடு சம்பந்தப்பட்டதா?

பதில்: நேரடியாக இல்லை. அமெரிக்கக் கணிதர் டேனியல் ஸ்ட்ரூக்கும் வரதனும் 1969-ல் தொடங்கியது 'மார்ட்டிங்கேல் சிக்கல்'. இடத்துக்கு இடம் வேகமும் ஆட்டமும் மாறும் துகளின் பாதையை ஜப்பானியக் கணிதர் இட்டோவின் முறையில் படிப்படியாகக் கட்டலாம். ஆனால் அந்த மாற்றம் மிகவும் சீராக இருந்தால்தான் அது நடக்கும். இவர்கள் கட்டுவதை விட்டுவிட்டார்கள். எந்தெந்த அளவுகள் நியாயமான சூதாட்டம்போல, சராசரியில் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும் என்று எழுதி, அதை நிறைவு செய்யும் நிகழ்தகவு விதி ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவினார்கள். ஆராய்ச்சி மாணவர்கள் இதைத் தவிர்க்கவே முடியாது.

கேள்வி: என்னென்ன விருதுகள்?

பதில்: 2007-ல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு, 60 லட்சம் நார்வே குரோனர். நிகழ்தகவியலுக்காக அந்தப் பரிசு பெற்ற முதல் ஆள் அவர். 1996-ல் ஸ்ட்ரூக்கோடு அமெரிக்கக் கணிதக் கழகத்தின் ஸ்டீல் பரிசு. 2008-ல் பத்ம பூஷண், 2023-ல் பத்ம விபூஷண். அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கமும் உண்டு.

கேள்வி: மென்பொருள் வேலையில் இருக்கிறேன் சார். இதையெல்லாம் எங்கே பயன்படுத்துவது?

பதில்: நீங்கள் சர்வர் பார்க்கிறவர் என்றால், காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசை நிரம்பி வழியும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். சும்மா உருவகப்படுத்திப் பார்த்தால் அந்த நிகழ்வு கண்ணிலேயே படாது. மேலே சொன்ன 700 கோடியில் ஒன்றையே எடுங்கள். நேர்மையான நாணயத்தைக் கணினியில் சுண்டிக்கொண்டே இருந்தால் வேலைக்கு ஆகாது. 60 விழுக்காடு தலை விழும் கோணல் நாணயத்தைச் சுண்டுங்கள். 600-ஐத் தாண்டுவது சாதாரணமாக நடக்கும். பிறகு ஒவ்வொரு முடிவையும், நேர்மையான நாணயத்தில் அது வரும் வாய்ப்புக்கும் கோணல் நாணயத்தில் வரும் வாய்ப்புக்கும் உள்ள விகிதத்தால் எடை போட்டுச் சேருங்கள். சில ஆயிரம் ஓட்டங்களில் நல்ல விடை வந்துவிடும். எந்தப் பக்கம் எவ்வளவு கோணலாக்குவது? அதைச் சொல்வது பெருவிலகல் கோட்பாடு. காப்பீட்டிலும் வங்கி இடர் கணக்கிலும் இதே உத்திதான்.

கேள்வி: கணிதம் இளைஞர்களின் ஆட்டம் என்கிறார்களே. 40 வயதுக்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

பதில்: அந்தப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1986-ல் கிப்னிஸோடு ஒரு மைய எல்லைத் தேற்றம். 1988-ல் குவோ, பாபனிகோலாவ் இருவரோடும் எழுதிய கட்டுரை, எண்ணற்ற துகள்களின் தற்செயல் அசைவிலிருந்து பரவல் சமன்பாடு (ஒன்று எப்படிப் பரவுகிறது என்று சொல்வது) எப்படிப் பிறக்கிறது என்பதை என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, வழியாகக் காட்டியது. நடுவே இரண்டு முறை கூரண்ட் நிறுவனத்துக்கு இயக்குநர்.

2011-ல், 71 வயதில், சௌரவ் சாட்டர்ஜியோடு தற்செயல் வலையமைப்புகளின் பெருவிலகல் பற்றி எழுதினார். புள்ளிகளைத் தற்செயலாகக் கோடுகளால் இணைக்கிறோம். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான முக்கோணங்கள் வந்துவிட்டன. எப்படி வந்திருக்கும்? எல்லா இடத்திலும் கோடுகள் கொஞ்சம் கூடிவிட்டனவா, அல்லது ஒரு சிறு கூட்டத்துக்குள் நெருக்கமாகக் குவிந்துவிட்டனவா? எது மலிவு என்பது முக்கோணங்கள் எவ்வளவு அதிகம் என்பதையும், கோடுகள் முதலில் எவ்வளவு அடர்த்தி என்பதையும் பொறுத்து மாறுகிறது.