4 லட்சத்துக்கு மெஷினா, சரக்கா?

கேள்வி: தக்கலை அருகே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறோம். தினம் 50 கிலோ. எல்லாச் செலவும் சேர்த்துக் கிலோவுக்கு 320 ரூபாய் ஆகிறது. திருவனந்தபுரம் கடைகள் 25 நாள் கழித்துத்தான் பணம் தருகின்றன. கையில் 4 லட்சம் சேர்ந்திருக்கிறது. ஓணத்துக்கு முன் ஆட்டோமேட்டிக் பாக்கெட் மெஷின் வாங்கினால் லாபம் கூடுமா?

பதில்: இந்த ஓணத்துக்கு வேண்டாம். 50 கிலோவை 200 கிராமாகப் பிரித்தால் 250 பாக்கெட். நிமிடத்துக்கு 20 போடும் மெஷின் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு நாள் முழுக்கச் சும்மா நிற்கும். தடங்கல் அநேகமாக அடுப்படியில்தான் இருக்கும். ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள்: தோலுரிப்பு, சீவல், பொரிப்பு, பாக்கெட். எந்த வேலைக்காக மற்றவர்கள் காத்து நிற்கிறார்களோ, அங்கே போடும் பணம்தான் உற்பத்தியைக் கூட்டும்.

பாக்கெட் மெஷினால் ஒரு ஆள் குறைவார். கூலி 600 என்றால் 25 நாளுக்கு 15,000. கரண்ட், ரிப்பேருக்கு 3,000 போக 12,000 மிஞ்சும். 4 லட்சம் திரும்ப 33 மாதத்துக்கு மேல் ஆகும், அதுவும் எல்லா மாதமும் ஓடினால். மந்தமான மாதத்தில் 10 நாள்தான் வேலை என்றால் ஆள்கூலி அதற்கேற்பக் குறையும். மெஷினில் போட்ட பணம் அப்படிக் குறையாது.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 50 கிலோ, 320 ரூபாய், 25 நாள்: பெருக்கினால் 4 லட்சம். அவ்வளவு பணம் இப்போதே கடைகளில் நிற்கிறது. ஓணத்துக்கு 100 கிலோ ஆக்கினால் இன்னொரு 4 லட்சம் வேண்டும். குலைக்குச் சந்தையில் ரொக்கம், எண்ணெய்க்கும் ரொக்கம். அதை மெஷினில் முடக்கினால் ஆர்டர் கையில் இருந்தும் காய் வாங்க வழியிருக்காது. கந்துவட்டிக்குப் போய் நிற்பது அப்போதுதான்.

ஆகவே பெரும்பகுதியைச் சரக்குக்கே வையுங்கள். மீதியில் நைட்ரஜன் நிரப்பும் சீலரும் அலுமினியப் பூச்சுக் கவரும் பாருங்கள். ஆக்சிஜனும் வெளிச்சமும் பட்டுத்தான் எண்ணெய் காறிப்போகிறது. அவற்றை அடைத்தால் திரும்பி வரும் சரக்கு குறையும்.

பின்னாளில் மெஷின் வாங்கினால் தவணைக் கடனில் வாங்குங்கள், சரக்கு வாங்க வங்கி தரும் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கிலிருந்து வேண்டாம். சிறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தின் 35 சதவீத மானியம் (உச்சம் 10 லட்சம்) வங்கிக் கடனோடு இணைந்தது. சொந்தக் காசில் வாங்கிவிட்டுக் கேட்டால் கிடைக்காது. திட்டம் நடப்பில் உள்ளதா என்று நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் விசாரியுங்கள்.

கடைக்காரர் ஒரு நாள் முந்தித் தந்தால் உங்களுக்கு 16,000 ரூபாய் விடுபடும். 25 நாள் 18 ஆனால் 1,12,000, வட்டியில்லாமல். ஓண ஆர்டர் பேசும்போதே கேளுங்கள். சரக்கு அவருக்கும் அவசரமாக இருக்கும் நேரம் அது.