லிப்ரே ஆபீஸில் முதல் பேட்ச்: கேள்வி பதில்

அண்ணா, சி++ காலேஜில் படித்ததோடு சரி. லிப்ரே ஆபீஸ் என்ற திறந்த மூல ஆபீஸ் மென்பொருளுக்குப் பேட்ச், அதாவது கோடில் ஒரு திருத்தம், அனுப்ப நான் இறங்கலாமா?

தாராளமாக. ஆனால் எடுத்த எடுப்பில் கோடில் கை வைக்காதீர்கள். கோளாறு புகார்கள் பதிவாகும் பக்ஸில்லா தளத்தில் இன்னும் யாரும் சரிபார்க்காத புகார்கள் ‘அன்கன்ஃபர்ம்டு’ என்று கிடக்கும். ஒன்றை எடுத்து அதில் சொன்னபடியே செய்து பாருங்கள், அதே கோளாறு உங்களுக்கும் வந்தால் ஹெல்ப் மெனுவில் அபவுட்டைத் திறந்து பதிப்பு விவரத்தை ஒட்டி அதை எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், அதுவும் தகவல்தான். தமிழ் எழுத்து சிதறுகிறது, கர்சர் ‘கொ’வுக்கு நடுவில் போய் நிற்கிறது மாதிரி புகார்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

புதியவர்களுக்கான எளிய வேலைகள் உள்ள ‘ஈஸி ஹேக்ஸ்’ பட்டியலில் ஒன்றைப் பிடித்திருக்கிறேன். யாரிடம் அனுமதி வாங்குவது?

யாரிடமும் வேண்டாம். “எனக்கு ஒதுக்கித் தாருங்கள்” என்று எழுதிவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் அந்த வரிக்கு அங்கே மதிப்பே கிடையாது. முதலில் உங்கள் மெஷினில் பில்ட் ஆகிறதா, அதாவது கோடிலிருந்து ஓடும் மென்பொருள் உருவாகிறதா பாருங்கள்.

அந்த பில்டே முடியமாட்டேன் என்கிறது சார். லேப்டாப் கொதிக்கிறது.

முதல் முறை பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். அப்புறம் மொத்தத்தையும் திரும்பக் கட்ட வேண்டியதில்லை, நீங்கள் தொட்ட மாட்யூலை (பகுதியை) மட்டும் ‘மேக்’ கட்டளையால் கட்டினால் போதும். ஆவணம் எழுதும் ரைட்டர் என்றால் மாட்யூல் பெயர் ‘எஸ்டபிள்யூ’, கணக்குத்தாளான கால்க் என்றால் ‘எஸ்சி’. ரைட்டருக்கும் கால்க்குக்கும் ஸ்டார்ரைட்டர், ஸ்டார்கால்க் என்று பெயர் இருந்த காலத்துப் பெயர்கள் இவை. 2010இல் லிப்ரே ஆபீஸ் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தபோதும் யாரும் மாற்றவில்லை, மாற்றவும் மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பேட்சுகளைப் பார்த்து மதிப்பிடும் கெரிட் தளத்தில் என் பேட்சுக்கு மைனஸ் ஒன்று போட்டுவிட்டார்கள். அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று அனுப்பட்டுமா?

கூடவே கூடாது! மைனஸ் ஒன்று என்றால் ‘இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது’, அவ்வளவுதான். புதிதாக கமிட் (மாற்றத்தின் பதிவு) போடாமல் பழையதையே ‘அமெண்ட்’ செய்யுங்கள், அதாவது அதையே திருத்துங்கள். கமிட் செய்தியின் கடைசியில் ‘சேஞ்ச்-ஐடி’ என்ற வரியில் ஆங்கில ஐ-யில் தொடங்கும் நீளமான அடையாளம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அதை வைத்துத்தான் இது அதே பேட்சின் இரண்டாவது வடிவம் என்று கெரிட் புரிந்துகொள்கிறது, அது மாறினால் தனி பேட்சாகப் போய்விடும், பார்த்துச் சொன்னவர் பழையதிலேயே காத்திருப்பார். பேட்சைத் தானாக பில்ட் செய்து பார்க்கும் ஜென்கின்ஸ் சிவப்பு காட்டினால் லாகை (பில்ட் ஓடிய பதிவை) திறந்து முதலில் வரும் எர்ரரை மட்டும் படியுங்கள். லினக்ஸில் ஓடியது விண்டோஸில் விழுவது அங்கே தினமும் நடப்பது. இன்னொன்று: பார்க்கிறவர் மூன்று இடம் சொன்னால் மூன்றை மட்டும் திருத்துங்கள், கண்ணில் பட்ட இன்டென்டேஷனை (வரித் தொடக்க இடைவெளியை) எல்லாம் சேர்த்து அழகுபடுத்தி அனுப்பினால் அவர் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

லைசென்ஸ் மெயில் கட்டாயமா?

ஆமாம், ஒரே ஒரு முறை. உங்கள் பங்களிப்புகளை எம்பிஎல் 2, எல்ஜிபிஎல் 3 என்ற திறந்த மூல உரிமங்கள் இரண்டின் கீழும் தருகிறேன் என்று டெவலப்பர் மெயில் லிஸ்டுக்கு ஒரு வரி.

எனக்கு புரோகிராமிங் வராது அண்ணா.

வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் லிப்ரே ஆபீஸின் வரிகளைத் தமிழாக்கலாம். சதவீதக் குறியோடு வரும் ‘புராடக்ட்நேம்’ போன்றவற்றை மட்டும் தமிழாக்காமல் அப்படியே விடுங்கள், மென்பொருளின் பெயர் அந்த இடத்தில் தானாக வந்து உட்காரும்.

பேட்ச் போட்டு ஒரு வாரம் ஆச்சு, ஈ காக்கா இல்லை.

பேட்சைப் பார்க்க ரிவ்யூவர் யாரையும் சேர்க்கவில்லையோ? அந்த ஃபைலின் கிட் லாகை (யார் எப்போது மாற்றினார் என்ற வரலாற்றை) பாருங்கள், சமீபத்தில் தொட்டவர் யாரோ அவரைச் சேர்த்துவிட்டு டெவலப்பர்களின் ஐஆர்சி அரட்டையில் லிங்கோடு ஒரு வரி போடுங்கள்.