எளிய கார்ட் தாள் தயாரிக்க எந்த இசைக்குறிப்பு மென்பொருள் ஏற்றது?

களியக்காவிளைக்கு அருகே எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பதோடு, கிதார் வாசிப்பவர்களுக்கு வாரந்தோறும் கார்ட் (chord, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) குறித்த தாள் எழுதிக் கொடுப்பதும் என் பொறுப்பு. பாடல் வரிக்கு மேல் கார்டின் பெயர் தெரிந்தால் போதும் என்பவருக்கு இசைக்குறிப்பு மென்பொருளே தேவையில்லை. கார்ட்புரோ என்னும் எளிய எழுத்து வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன்.

தமிழில் எழுதுபவருக்கு இதில் தனிப் பயன் உண்டு. வேர்டில் இடைவெளி விட்டுக் கார்டுகளை வரிக்கு மேல் அடுக்கினால், 'ணை'யும் 'ரி'யும் ஒரே அகலம் உடையவை அல்ல என்பதால், எழுத்துரு மாறியதும் எல்லாம் இடம் பெயர்ந்துவிடும். ஒருமுறை வேறொரு கணினியில் அச்சிட்ட தாளில் டி செவன் (D7) என்ற கார்டு ஓர் அசை முந்தி விழுந்திருக்க, கிதார் வாசித்த தம்பி தாளை நம்பி அங்கேயே மாற்றினார்; பாடியவர்கள் சுருதி தவறித் தடுமாறினார்கள். கார்ட்புரோவிலோ '[ஜி]விடியல் [சி]வந்தது' என்று கார்டை வரிக்குள்ளேயே சதுர அடைப்பில் எழுதுகிறோம்; கார்ட்புரோ செயலி அதை அந்த அசைக்கு மேலேயே வைத்துத் தாளாக்குவதால், அது தன் அசையை விட்டு அகலாது. (கார்டின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) பாறசாலையிலிருந்து வரும் அண்ணனுக்கு அதே கார்டுகளோடு மலையாள வரிகளை எழுதித் தனித்தாள் எடுத்துவிடுகிறேன். பாடுபவருக்கு ஜி தாழ்வாக இருந்தால், டிரான்ஸ்போஸ் 2 என்று ஒரு கட்டளை சேர்த்தாலே முழுப் பாடலும் ஏ ஸ்கேலுக்கு மாறிவிடும். கிதார்காரர் பழைய தாளையே வைத்துக்கொண்டு இரண்டாம் கட்டில் (ஃபிரெட்) கேப்போ, அதாவது கிதாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி, போட்டாலும் சரியே.

முன்னிசை, இடையிசை, 6/8 தாளத்தில் எந்த அடியில் கார்டு மாறுகிறது என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால் மியூஸ்ஸ்கோர் நல்லது. அது இலவசம், திறமூல மென்பொருள். கண்ட்ரோலுடன் கே விசையை அழுத்திக் கார்டை நேரடியாகத் தட்டலாம். சிபேலியஸ், டோரிகோ போன்ற இசைக்குறிப்பு மென்பொருள்களின் முழுப் பதிப்புகளை இந்த வேலைக்காக மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டாம். 1988 முதல் இருந்த ஃபினாலே மென்பொருளின் வளர்ச்சியையே அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. வெறும் எழுத்துக் கோப்பையோ எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதலில் ஒரே ஒரு பாடலைப் பிடிஎஃப் ஆக்கி, 'கொ', 'யோ' போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் சிதறாமல் வருகின்றனவா என்று பார்த்த பிறகே மற்றப் பாடல்களைத் தட்டத் தொடங்குங்கள்.