குரலை அளப்பதற்கு முன்: ஆய்வு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பேச்சு மருத்துவம், மொழியியல், இசை, தடயவியல், மானுடவியல் என வெவ்வேறு துறைகளில் குரலை ஆராய்பவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: குரல் கட்டிப்போன ஆசிரியர்களிடம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வாங்கி ஜிட்டர், ஷிம்மர் கணக்கிடலாமா?

வேண்டாம். குரல்நாண் அதிரும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் கால அளவு எவ்வளவு மாறுகிறது என்பது ஜிட்டர். வீச்சு எவ்வளவு மாறுகிறது என்பது ஷிம்மர். இரண்டுமே மிக நுண்ணிய மாற்றங்கள். செயலி ஒலியைச் சுருக்கும்போதும், போன் தானாக இரைச்சலை வடிகட்டிச் சத்தத்தைச் சமன்செய்யும்போதும் இவை குலைந்துவிடும். பிறகு ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக மாற்றினாலும் போனது திரும்பாது.

தலையில் மாட்டும் மைக்கை வாயிலிருந்து 4 முதல் 10 செ.மீ. தூரத்தில், மூச்சுக்காற்று நேராக மோதாதபடி 45 பாகையாவது பக்கவாட்டில் வையுங்கள். பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ். மின்விசிறியையும் ஏசியையும் அணைத்துவிடுங்கள். 'ஆ' என்று 5 விநாடி, மூன்று முறை சொல்லச் சொல்லுங்கள். தொடக்கமும் முடிவும் நிலையாக இருக்காது. நடுவிலுள்ள 3 விநாடி போதும்.

பலர் கோட்டைவிடுவது சத்த அளவில். உரக்கச் சொன்னாலே ஜிட்டரும் ஷிம்மரும் குறையும். சிகிச்சைக்கு முன் மெல்லவும் பின் உரக்கவும் சொன்னவருக்குக் குரல்நாண் தேறாமலே எண் தேறிவிடும். இரண்டு முறையும் ஒரே சத்தத்தில்தான் சொல்கிறாரா என்று டெசிபெல் மீட்டரில் பாருங்கள்.

குரல் மிகவும் கரகரத்திருந்தால், ஒரு சுற்று எங்கே தொடங்குகிறது என்பதே மென்பொருளுக்குப் பிடிபடாது. அப்போது கிடைக்கும் ஜிட்டர் எண்ணுக்குப் பொருளில்லை. குரல் அறிவியலாளர் இங்கோ டீட்சே 1995-இல் குரல் அலைகளை மூன்று வகையாகப் பிரித்து, ஏறக்குறைய சீரான முதல் வகைக்கு மட்டுமே இந்த அளவை பொருந்தும் என்றார். மற்றவற்றுக்கு, குரல் அலை எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று சுற்றுகளைப் பிரிக்காமலே காட்டும் செப்ஸ்ட்ரல் உச்ச அளவையும், காதால் கேட்டு 0 முதல் 3 வரை மதிப்பிடும் கிர்பாஸ் (GRBAS) முறையையும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: பிராட் மென்பொருளில் ஒரே ஆளின் சுருதிக் கோடு 110-இல் இருந்து திடீரென 220 ஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. ஏன்?

மென்பொருள் சுருதியைத் தேடும் எல்லை அகலமாக இருப்பதால், உண்மை மதிப்பின் இரட்டிப்பைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் 60 முதல் 750 ஹெர்ட்ஸ் வரை வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். கிடைக்கும் மதிப்புகளின் முதல் கால்மானத்தை (கால்பங்கு மதிப்புகள் இதற்குக் கீழே இருக்கும்) 0.75-ஆலும் மூன்றாம் கால்மானத்தை (முக்கால்பங்கு இதற்குக் கீழே இருக்கும்) 1.5-ஆலும் பெருக்கினால் அந்த ஆளுக்கே உரிய கீழெல்லையும் மேலெல்லையும் வரும். அவற்றை வைத்து மறுபடி ஓட்டுங்கள். உணர்ச்சி பொங்கும் பேச்சுக்கு மேலெல்லையை இன்னும் உயர்த்த வேண்டும். வாக்கிய முடிவில் கோடு பாதியாக விழுந்தால் உடனே திருத்திவிடாதீர்கள். குரல் உண்மையிலேயே நெரிந்து விட்டுவிட்டு அதிர்ந்திருக்கலாம். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

கேள்வி: ழகரத்தை அளக்க எந்த ஃபார்மன்ட்?

மூன்றாவது. வாய், தொண்டைக் குழியின் ஒத்ததிர்வால் ஆற்றல் குவியும் அதிர்வெண்தான் ஃபார்மன்ட்; கீழிருந்து மேலாக எண்ணுவார்கள். ழகரத்தில் மூன்றாவது கீழிறங்கி இரண்டாவதை நெருங்கும். தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளை ஸ்ரீகாந்த் நாராயணனும் சக ஆய்வாளர்களும் எம்ஆர்ஐ உதவியோடு ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டதைப் படியுங்கள். வெட்டும்போது ழகரத்துக்கு முன்னுள்ள உயிரையும் சேர்த்தே எடுங்கள். நாமடி ஒலிகளின் அடையாளம் அந்த உயிரின் கடைசிப் பகுதியில்தான் தெளிவாகத் தெரியும். பிராட்டில் ஃபார்மன்ட் தேடும் மேலெல்லை ஆணுக்கு 5000, பெண்ணுக்கு 5500 ஹெர்ட்ஸ்.

கேள்வி: கர்நாடக இசைப் பாடகர்களிடம் 'பாடகர் ஃபார்மன்ட்' உண்டா?

இருப்பதாக முன்கூட்டியே வைத்துக்கொண்டு தேடாதீர்கள். குரலிசை ஆய்வாளர் யோகான் சுண்ட்பெரி இந்தப் பெயரில் விளக்கியது, மைக் இல்லாமல் வாத்தியக் குழுவை மீறிக் கேட்க வேண்டிய ஐரோப்பிய ஓபரா குரலை. அதில் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஆற்றல் குவியும். மைக்கில் பாடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவின்போது தம்பூரா ஒலியைப் பாடகரின் காதுக்கு மட்டும் கொடுங்கள். அது மைக்கில் விழுந்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் சராசரி நிறமாலையில் குரலுடையது எது, தம்பூராவுடையது எது என்று பிரிக்க முடியாது.

கேள்வி: குரல்ரேகை, கைரேகை அளவுக்கு உறுதியானதா?

இல்லை. குரலின் ஒலிப்படத்துக்கு 1962-இல் லாரன்ஸ் கெர்ஸ்டா பரப்பிய 'குரல்ரேகை' என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. கைரேகை மாறாது, சளி, கோபம், வயது எல்லாம் குரலை மாற்றும். தொலைபேசி வேறு பழைய அலைவரிசையில் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும். இகர, உகரங்களின் முதல் ஃபார்மன்ட் அந்தக் கீழ்விளிம்பில் மாட்டி, இருப்பதைவிட உயர்ந்து தெரியும். அறையில் நல்ல மைக்கில் எடுத்த மாதிரியோடு ஒப்பிட்டால் ஒரே ஆளே இரண்டு ஆளாகத் தெரிவார். மாதிரியையும் தொலைபேசி வழியாகவே, அதே மொழியில் எடுக்க வேண்டும். 'இவர்தான்' என்று எழுதாமல், இந்தச் சான்று ஒரே ஆள் என்றால் கிடைக்கும் வாய்ப்பு, வேறு ஆள் என்றால் கிடைக்கும் வாய்ப்பைப் போல் எத்தனை மடங்கு என்று எழுதுங்கள். குரல் மாதிரி கொடுக்குமாறு மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் தீர்ப்பளித்தது.

கேள்வி: பின்னணிப் பாடகிகளின் குரலைப் பண்பாட்டு நோக்கில் ஆராய்கிறேன். இந்த அளவைகள் எனக்குத் தேவையா?

எது கண்ணியமான குரல் என்று சமூகம் எப்படி வகுத்தது என்ற கேள்விக்கு ஹெர்ட்ஸில் விடை இல்லை. அதற்கு அமண்டா வைட்மனின் மானுடவியல் ஆய்வுகள் உதவும். ஆனால் 'அந்தக் காலக் குரல் உச்சத்தில் இருந்தது' என்று எழுதுவதானால் அளந்துதான் ஆக வேண்டும். பழைய இசைத்தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுழன்றிருந்தால் குரல் அரைச்சுரம் ஏறிக் கேட்கும். ஃபார்மன்ட்டுகளும் கூடவே ஏறுவதால் குரல் இளசாகத் தோன்றும். நம் ஊரில் மின்சாரம் வைத்துச் செய்த பதிவின் அடியில் மின் ரீங்காரம் இருக்கிறதா பாருங்கள். அது 50-க்குப் பதில் 53 ஹெர்ட்ஸில் இருந்தால் வேகம் கூடியிருக்கிறது என்று கொள்ளலாம். சரியாக 50-இல் இருந்தாலும் வேகம் சரி என்று உடனே நம்பிவிடாதீர்கள். கணினிக்கு மாற்றியபோது புகுந்த ரீங்காரமாகவும் இருக்கலாம்.